எலிக்குக் காது இரைந்தால் யாரிடம் சொல்லும்?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்றைக்கு மலேரியா மருந்துகளைப் பற்றிப் பேசப்போறோம். மலேரியா கிருமியை அவை எப்படிக் கொல்கின்றன என்பது இன்றைய கதை இல்லை. அந்த மருந்துகள் நம்ம மூளையை, நரம்பை ஏதாவது செய்யுமா என்று மனிதர்கள் நாய், குரங்கு, எலிகளிடம் கேட்ட கதை இது. விலங்கு சோதனை விவரங்கள் வரும். கேட்க முடியாதவங்க இந்த எபிசோடைத் தாண்டிப் போயிடுங்க, தப்பில்லை.

1994-ல் இருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆர்ட்டீத்தர், ஆர்ட்டிமீத்தர் என்ற இரண்டு மருந்துகளை நாய்களுக்கும் எலிகளுக்கும் தசை ஊசியாகத் தொடர்ந்து பல நாள் போட்டுப் பார்த்திருந்தார்கள். நாய்களின் நடை தள்ளாடியது. கண்ணின் அனிச்சைச் செயல்கள் மங்கின. அதிக அளவு மருந்து வாங்கிய நாய்கள் மூச்சும் இதயமும் அடங்கிச் செத்தன. மூளையை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சேதம் மூளை முழுக்கப் பரவவில்லை. மூளைத்தண்டில் சில குறிப்பிட்ட நியூரான் கூட்டங்கள் மட்டும் செத்திருந்தன.

மூளைத்தண்டு என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் இருக்கிற பகுதி. மூச்சு, காது கேட்பது, உடம்பின் சமநிலை, கண் அசைவு எல்லாவற்றுக்குமான வயரிங் அங்கேதான் போகிறது. அங்கே கை வைக்கிற மருந்தை யாரும் சும்மா விட முடியாது.

சிக்கல் என்னன்னா, இந்த இரண்டு மருந்துகளும் ஆர்ட்டிமிசினின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வியட்நாம் போர்க் காலத்தில், 1967-ல் சீனா தொடங்கிய 523 என்ற ரகசியத் திட்டத்தில் பிறந்த குடும்பம். 2015-ல் து யூயூவுக்கு நோபல் பரிசு வாங்கிக்கொடுத்ததும் இதுதான். 1994-ல் பழைய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தன. தென்கிழக்கு ஆசியாவில் குளோரோகுயினுக்குக் கிருமி அடங்கவே இல்லை. உலகம் நம்பியிருந்த அடுத்த மருந்து இது. அதன் மேல்தான் நாய்களின் மூளை கேள்விக்குறி போட்டது.

நிறுத்துவதா, தொடர்வதா? இதற்குப் பதில் தேட நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போகணும்.

கேனரி சொன்னதும் சொல்லாததும்

1820-ல் பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். நம்ம தாத்தா பாட்டி 'கொயினா' என்று சொல்வது இதைத்தான். 1860-களில் பிரிட்டிஷார் நீலகிரியில் சின்கோனா தோட்டம் போட்டதும் இதற்காகத்தான். கொயினா அதிகமானால் தலைவலி வரும், பார்வை மங்கும், காது இரையும். மலேரியா மருந்து நரம்பைத் தொடும் என்பது முதல் மருந்திலிருந்தே தெரிந்த விஷயம். எப்படித் தெரிந்தது? சாப்பிட்ட மனிதர்கள் வாய்விட்டுச் சொன்னதால்.

இதை மனசுல வச்சுக்கங்க. இன்றைய எபிசோட் முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொயினா தட்டுப்பாடு. உலகத்தின் சின்கோனாப் பட்டையில் பெரும்பகுதி டச்சுக்காரர்கள் கையிலிருந்த ஜாவாவிலிருந்து வந்தது. அதனால் போருக்குப் பிறகு பேயர் கம்பெனி செயற்கை மருந்தைத் தேடியது. ஆனால் ஆயிரக்கணக்கான ரசாயனங்களை மனிதர் மேல் சோதிக்க முடியாது இல்லையா? 1920-களின் நடுவில் வில்ஹெல்ம் ரோல் ஒரு வழி கண்டுபிடித்தார். பறவைகளுக்கு வரும் மலேரியாவைக் கேனரிகளுக்குக் கொடுத்து, மருந்தைப் புகட்டிப் பார்ப்பது. பறவை தாங்கும் உச்ச அளவு எவ்வளவு, கிருமியை அடக்கும் குறைந்த அளவு எவ்வளவு, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு. இடைவெளி அகலமாக இருந்தால் நல்ல மருந்து. இன்றைக்கு மருந்துக் கம்பெனிகள் செய்கிற ஸ்கிரீனிங்குக்கு இது முன்னோடி.

இந்த முறையில் பமாகுயின் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் அட்டாப்ரின் வந்தது. 1934-ல் ஹன்ஸ் ஆண்டர்சாக் 'ரெசோகின்' என்ற ஒன்றைச் செய்தார். மனிதர்களுக்கு நச்சு அதிகம் என்று முடிவு கட்டி அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அமெரிக்கர்கள் அதையே எஸ்.என். 7618 என்ற எண்ணில் மறுபடி சோதித்தார்கள். அதுதான் குளோரோகுயின்! பிற்பாடு கோடிக்கணக்கான பேர் சாப்பிட்ட மருந்து. தவறான எச்சரிக்கை ஒன்று ஒரு நல்ல மருந்தைப் பத்து வருஷம் அலமாரியில் பூட்டி வைத்தது.

மஞ்சள் மாத்திரை

1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. இப்போது கொயினா இல்லாமல் தவித்தது அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும். பசிபிக் தீவுகளில் சண்டை போட்ட சிப்பாய்களுக்கு அட்டாப்ரின் கொடுத்தார்கள். தோல் மஞ்சளாகும், வயிற்றைப் புரட்டும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. பாதிப் பேர் மாத்திரையைத் துப்பிவிடுவான். நியூ கினியில் ஒரு ராணுவ மருத்துவமனை வாசலில் மண்டை ஓடுகளை மாட்டி, அட்டாப்ரின் சாப்பிடாதவர்கள் கதி இதுதான் என்று போர்டே வைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரத்தில் நீல் ஹாமில்டன் ஃபேர்லி என்ற மருத்துவர் தன்னார்வ சிப்பாய்களை வைத்து நடத்திய பரிசோதனைகள், தினம் ஒரு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மலேரியா அண்டாது என்று காட்டின. மருந்து வேலை செய்தது, சந்தேகமில்லை. ஆனால் சாப்பிட்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் புத்தி பேதலித்தது. தூக்கமின்மை, பிரமை, வெறி. 1940-களின் ராணுவ மருத்துவ இதழ்களில் இவை பதிவாகியிருக்கின்றன.

இப்போ யோசிங்க. கேனரிக்குப் பிரமை வந்தால் எப்படித் தெரியும்? தெரியாது. இதைச் சொன்னதும் மனிதர்கள்தான். அதுவும் லட்சக்கணக்கான பேர் சாப்பிட்ட பிறகுதான் அந்தச் சிறு பகுதி கண்ணில் பட்டது.

சின்சினாட்டியின் குரங்குகள்

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற ஆய்வு அடுத்து வருகிறது.

பமாகுயினுக்கு நெருங்கிய உறவுக்கார மருந்து ஒன்று இருந்தது. பெயர் பிளாஸ்மோசிட். 1930-களில் சோவியத் யூனியனில் பயன்படுத்தினார்கள். நோயாளிகளுக்கு நரம்புப் பாதிப்பு வந்ததால் அது கைவிடப்பட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஐடா ஷ்மிட், லியோன் ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மருந்தை ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்து, மூளையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். 1948-ல் முதல் கட்டுரை வந்தது.

கண்ணை அசைக்கும் நரம்புகள் கிளம்பும் இடம், சமநிலையைக் காக்கும் இடம், இவற்றோடு தொடர்புள்ள வேறு சில இடங்கள். அங்கெல்லாம் நியூரான்கள் செத்திருந்தன. பக்கத்திலேயே இருக்கும் மற்ற நியூரான்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஏதோ பட்டியல் போட்டு ஆளைத் தேடிப்போய் அடித்த மாதிரி. உயிரோடு இருந்தபோது அந்தக் குரங்குகள் வெளியே காட்டிய அறிகுறிகளும் இதோடு பொருந்தின. கண் ஒழுங்காக அசையவில்லை, உடம்பு நிலைகொள்ளவில்லை.

1951-ல் வந்த கட்டுரையில் பமாகுயின், பென்டாகுயின், ஐசோபென்டாகுயின், பிரைமாகுயின் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். நான்கும் பிளாஸ்மோசிடின் குடும்பமே. அணு அமைப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. பிளாஸ்மோசிடுக்கும் பமாகுயினுக்கும் நடுவில் பக்கச் சங்கிலியில் ஒன்றிரண்டு கார்பன்தான் வேறுபாடு. ஆனால் மூளையில் அடிபடுகிற இடம் மாறியது, அடியின் கடுமையும் மாறியது. பிரைமாகுயின் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் பெரிய பிரச்சினை மூளையில் இல்லை, ரத்தத்தில். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று 1956-ல் கண்டுபிடித்தார்கள்.

ஆக, ஒரு மருந்து நல்லது என்பதால் அதன் பங்காளியும் நல்லது என்று சொல்ல முடியாது. ஒன்று கெட்டது என்பதால் மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்கவும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியா, மூளையின் சரியான இடத்தில் பார்த்தாகணும்.

விஷயம் எண்ணெயில் இருக்கு

சரி, 1994-க்குத் திரும்பலாம். நாய்கள் செத்தாச்சு. இப்போ மனிதர்கள்?

1996-ல் வியட்நாமில் 560 தீவிர மலேரியா நோயாளிகளை வைத்து ஆர்ட்டிமீத்தரையும் கொயினாவையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. ஆர்ட்டிமீத்தர் வாங்கியவர்களில் இறந்தவர்கள் 13 சதவீதம், கொயினாவில் 17. நல்ல செய்தி மாதிரி இருக்கு, ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிசு இல்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. கோமாவிலிருந்து விழிக்க ஆர்ட்டிமீத்தர் வாங்கியவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. 48 மணி நேரத்துக்குப் பதில் 66. நாய்களின் மூளைத்தண்டைப் பற்றிப் படித்த ஒருவருக்கு இந்த எண்ணைப் பார்த்தால் வயிற்றைக் கலக்காதா?

பாங்காக்கில் இருந்த ஆய்வுக் குழு ஒன்று இதை எலிகளிடம் கேட்டது. மருந்து அதே குடும்பம், ஆனால் கொடுக்கும் வழியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆர்ட்டிமீத்தர், ஆர்ட்டீத்தர் இரண்டும் கொழுப்பில் கரைபவை. எண்ணெயில் கலந்து தசையில் ஊசி போட்டால் அங்கேயே தேங்கி, சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் இறங்கும். ஆர்ட்டிசுனேட் நீரில் கரைவது. உள்ளே போனதும் நிமிடங்களில் மாறி, கிருமியை அடித்துவிட்டுச் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். எலிகளில் முடிவு தெளிவாக இருந்தது. நடையும் சமநிலையும் அதிகம் கெட்டது எண்ணெய் ஊசியில்தான். வாய்வழி கொடுத்தாலும் ஆர்ட்டிசுனேட் கொடுத்தாலும் பாதிப்பு மிகக் குறைவு. அதே மருந்தை நாள் முழுக்க விடாமல் உள்ளே போகிற மாதிரி வாய்வழியாகவே கொடுத்தால் பாதிப்பு மறுபடி ஏறியது.

அதாவது, ஒரே நேரத்தில் எவ்வளவு உயரம் போச்சு என்பதைவிட, எவ்வளவு நேரம் விடாமல் இருந்துச்சு என்பது முக்கியம். நம்ம ஆட்கள் சர்வர் மெமரி கிராஃப் பார்ப்பீங்களே, அது மாதிரி. ஒரு நிமிஷ ஸ்பைக் ஒன்றும் செய்யாது. நாலு நாள் இறங்காமல் நிற்கிற கோடுதான் சர்வரைச் சாய்க்கும். மனிதர்கள் வாங்கும் மாத்திரையும் நரம்பு ஊசியும் ஸ்பைக் வகை. நாய்களுக்குக் கொடுத்தது இறங்காத கோடு.

அப்புறம் மனிதர்களிடமே நேராகப் பார்த்தார்கள். தாய்லாந்து பர்மா எல்லையில் இந்த மருந்துகளை வாங்கியவர்களின் செவித்திறனை வாங்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. 2003-ல் வியட்நாமில், தீவிர மலேரியாவால் இறந்துபோனவர்களின் மூளைத்தண்டை ஆராய்ந்தார்கள். ஆர்ட்டிமீத்தர் வாங்கியவர்களுக்கும் கொயினா வாங்கியவர்களுக்கும் சேதத்தில் வேறுபாடு தெரியவில்லை. 2004-ல் மொசாம்பிக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் செவித்திறன் குறைந்ததாக ஓர் ஆய்வு வந்தது என்பதையும் சொல்லியாகணும். அதன் முறை பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆர்ட்டிசுனேட்டின் பெரிய சோதனைகள் ஓடின. 2005-ல் வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மரில் 1,461 நோயாளிகள். கொயினாவில் 22 சதவீதம் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட்டில் 15. 2010-ல் ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகள். கொயினாவில் 10.9 சதவீதம், ஆர்ட்டிசுனேட்டில் 8.5.

இந்த எண்களை வேகமாகத் தாண்டிப் போகாதீங்க. முதல் ஆய்வில் வித்தியாசம், நூறு பேருக்கு ஏழு உயிர். நாய்களின் முடிவைப் பார்த்துப் பயந்து 1994-லேயே மொத்தக் குடும்பத்தையும் அலமாரியில் பூட்டியிருந்தால், ரெசோகினுக்கு நடந்ததுதான் மறுபடி நடந்திருக்கும். பூட்டவில்லை. ஆனா, நாய்களைக் கண்டுகொள்ளாமலும் விடவில்லை. தீவிர மலேரியாவுக்கு இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது நீரில் கரையும் ஆர்ட்டிசுனேட் ஊசியைத்தான். ஆர்ட்டீத்தர் எண்ணெய் ஊசியின் இந்திய வடிவத்தை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அது நாளுக்கு ஒன்று வீதம் மூன்றே நாள் போடும் மருந்து. நாய்களுக்கு நடந்ததைப் போல நாள் கணக்கில் நீண்டுகொண்டே போவதில்லை.

கெட்ட கனவைக் காட்டும் கருவி இல்லை

இப்போ எதிர்ப் பக்கம். அதே வால்டர் ரீட் நிறுவனம்.

வியட்நாமில் குளோரோகுயின் தோற்றபோது, அமெரிக்க ராணுவம் 1963-ல் ஒரு பிரம்மாண்டத் தேடலை ஆரம்பித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களை வடிகட்டினார்கள். முதல் வடிகட்டி சுண்டெலி. 1948-ல் பெல்ஜியன் காங்கோவில் கண்டுபிடித்த எலி மலேரியாக் கிருமி அதற்கு உதவியது. தேறியவை குரங்குகளுக்குப் போயின. அந்தக் குரங்கு சோதனைகளைச் செய்தவர்களில் ஒருவர், நாம் மேலே பார்த்த அதே லியோன் ஷ்மிட். வென்று வந்த ரசாயனத்தின் எண் டபிள்யூ.ஆர். 142490. மெஃப்லோகுயின். 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லாரியம் என்ற பெயரில் ரோஷ் கம்பெனி விற்றது. வாரத்துக்கு ஒரு மாத்திரை போதும். ராணுவத்துக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ரொம்ப வசதி. ஏன் போதும்? ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும்.

சாப்பிட்டவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பயங்கரக் கனவுகள், பதற்றம், மனச்சோர்வு, தலைசுற்றல். 2001-ல் பயணிகளை வைத்து மெஃப்லோகுயினை இன்னொரு மலேரியா மருந்தோடு ஒப்பிட்டார்கள். மனம், நரம்பு சார்ந்த தொல்லைகள் அந்த மருந்தில் 14 சதவீதம் பேருக்கு, மெஃப்லோகுயினில் 29 சதவீதம் பேருக்கு. 2006-ல் வால்டர் ரீட் ஆய்வாளர்கள் எலிகளுக்கு மெஃப்லோகுயின் கொடுத்து வெளியிட்ட ஆய்வில், அளவு கூடக் கூட எலிகளின் அசைவும் நடையும் மாறின. மூளைத்தண்டில் ஒரு குறிப்பிட்ட நியூரான் கூட்டம் சிதைந்திருந்தது. மருந்து சந்தைக்கு வந்து 17 வருஷம் கழித்து!

2009-ல் அமெரிக்க ராணுவம் அதை இரண்டாம் வரிசைக்குத் தள்ளியது. 2013 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் ஆகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்டத்தை மருந்தின் குறிப்பில் போட வைத்தது. தலைசுற்றல், சமநிலை இழப்பு, காது இரைச்சல் ஆகியவை மருந்தை நிறுத்திய பிறகும் நிரந்தரமாக நீடிக்கலாம் என்று. எலியில் பார்த்த சிதைவும் மனிதர்களுக்கு வரும் தொல்லையும் ஒன்றேதான் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கேள்வியைத் தள்ளிவிட முடியாத நிலை வந்தது.

ஏன் இது முன்னாடியே பிடிபடவில்லை? என் பார்வையில் ஒரு காரணம் எளிமையானது. ஸ்கிரீனிங் எலியிடம் கேட்ட கேள்வி, கிருமி செத்ததா, நீ பிழைத்தாயா என்பதுதான். எங்க வேலையில் இதை தினமும் பார்க்கிறோம். டெஸ்ட் எல்லாம் பச்சை விளக்கு காட்டும். காரணம், உடையப்போகிற இடத்துக்கு யாரும் டெஸ்ட் எழுதியிருக்கவில்லை. எலி தள்ளாடினால் பார்க்கலாம். குரங்கின் கண் நின்றுபோனால் பார்க்கலாம். எலிக்குக் கெட்ட கனவு வந்தால், காது இரைந்தால், அது யாரிடம் போய்ச் சொல்லும்?

அப்போ விலங்கு சோதனை வேண்டாமா?

இதுதான் இப்போ உங்க மனசுல ஓடும். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. நாய்கள் பொய் சொல்லவில்லை. அவை சொன்னது, இந்த மருந்து இவ்வளவு நேரம் விடாமல் உடம்பில் இருந்தால் மூளைத்தண்டு சாகும் என்று. அது உண்மை. அதை 'மனிதர்களும் இப்படியே சாவார்கள்' என்று மொழிபெயர்த்தால்தான் தப்பு. மெஃப்லோகுயினில் எலிகள் ஒளிக்கவில்லை, சரியான இடத்தில் தேடிப் பார்த்தபோது காட்டின. பெரிய தப்பு, 'விலங்கில் பெரிசா ஒன்றும் இல்லை' என்பதைக் காரணமாக்கி, வாய்விட்டுச் சொல்லும் மனிதனை நம்பாமல் விடுவது. சிப்பாய் தனக்குப் பிரமை வருது என்றால், பயணி தலை சுற்றுது என்றால், அதுவும் தரவுதான்.

2018-ல் டாஃபெனோகுயின் என்ற புது மருந்து அனுமதி பெற்றது. பிளாஸ்மோசிட், பிரைமாகுயின் குடும்பத்தைச் சேர்ந்தது, உடம்பில் வாரக்கணக்கில் தங்குவது. அதனால் சின்சினாட்டிக் குரங்குகளின் பழைய கேள்வி எழுபது வருஷம் கழித்து மறுபடி மேசைக்கு வந்தது. இந்த முறை எலிகளின் மூளையை நரம்பு நச்சுக்காகவே தேடிப் பார்த்தார்கள், சிதைவு தென்படவில்லை. அப்படியும், தடுப்பு மருந்தாக விற்கும் மாத்திரையின் குறிப்பில், தீவிர மனநோய் இருந்தவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். எலியையும் கேட்டார்கள், மனிதன் சொன்னதையும் எழுதி வைத்தார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இதைக் கேட்டுட்டு யாரும் டாக்டர் கொடுத்த மலேரியா மாத்திரையைப் பாதியில் நிறுத்திடாதீங்க. மலேரியாவே மூளையைத் தாக்கும் நோய், அது எந்த மருந்தையும்விட மோசம். மருந்து சாப்பிடும்போது தலை சுற்றினால், தூக்கம் கெட்டால், மனசு ஒரு மாதிரி ஆனால், 'சும்மா தோணுது' என்று விட்டுடாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. நாய்க்கும் எலிக்கும் இல்லாத வசதி அது.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.